அறுபத்தோரு இடத்தில் ஒரு பெயர்

கோவில்பட்டி
10.2.2025

பிரேமா அவர்களுக்கு,

நான் முத்துசெல்வியின் அம்மா பெருமாயி எழுதுகிறேன். உங்களை நான் பார்த்தது இல்லை. குரலைக் கேட்டிருக்கிறேன். ரெண்டு வருசமாகத் தினமும் சாயங்காலம் என் மகளின் போனில் நீங்கள் சிரிப்பது அடுப்படி வரைக்கும் கேட்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறேன். காகிதம் என்றால் நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்து ஆறே நாளில் அவள் போய்விட்டாள். அது உங்களுக்குத் தெரியும். பொங்கல் கழிந்து அவள் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு, அவள் இருந்த கம்ப்யூட்டர் ரூமையே கூட்டித் துடைக்கிற வேலை கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் கண்ணபிரான் சார் நீங்கள் அனுப்பிய மெயிலை வாய்விட்டு வாசித்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த என் காதில் மகள் பெயர் விழுந்தது. என்ன சார் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. நம்ம மெஷின் எல்லாத்துக்கும் சென்னையில ஒரு பட்டியல் இருக்கு. எதுக்கு யார் பொறுப்புன்னு அதுல போட்டிருக்கும். அறுபத்தோரு எடத்துல பாப்பா பேருதான் நிக்குது. மார்ச் முடியுமுன்ன எடுத்துருவாவளாம்."

"எடுத்துட்டு?"

"வேற பேரு போடுவாவ. பேரு போட ஆளில்லன்னா மெஷினையே பட்டியல்ல இருந்து தூக்கிருவாவ."

ரேஷன் கார்டில் எடுத்தார்கள். ஓட்டு லிஸ்டில் எடுத்தார்கள். பேங்கில் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். எல்லா இடத்துக்கும் நானே போய்க் கையெழுத்துப் போட்டு என் பிள்ளையின் பெயரை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் ஓர் இடத்தில் அவள் இருக்கிறாள் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. தெரிந்த நிமிசமே எடுக்கப்போகிறார்கள் என்பதும் தெரிந்தது.

அந்தப் பெயர் அங்கே இருப்பதால் யாருக்கு என்ன நட்டம்? சோறு கேட்கப்போகிறதா? விட்டுவிடுங்கள் அம்மா. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் பதினாறாம் நாளுக்குக்கூட வரவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

பெருமாயி


சென்னை
18.2.2025

அம்மா,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் எழுதினால் சாக்கு மாதிரி தெரியும். இன்னொரு நாள் சொல்கிறேன்.

அந்தப் பட்டியல் என்ன என்று மட்டும் இப்போது சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் அதற்கு சி.எம்.டி.பி. என்று பெயர். நானும் முத்துவும் 'குடும்ப அட்டை' என்றுதான் பேசிக்கொள்வோம். ஒரு கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு மெஷினும் அதில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஆள் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். எழுதி முடிப்பதற்குள் நாலு மெஷின் இடம் மாறியிருக்கும். இப்போது ஒரு ப்ரோகிராம் அந்த வேலையைச் செய்கிறது. தினமும் குறித்த நேரத்தில் இங்கிருந்து ஒயர் வழியாக ஒவ்வொரு மெஷினின் கதவையும் தட்டுகிறது. நீ யார், உனக்குள் என்ன இருக்கிறது, நீ யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறது. சொன்னதை எழுதிக்கொள்கிறது. எந்த மெஷின் எதை நம்பி ஓடுகிறது என்று கோடு போட்டும் காட்டிவிடும். ஒன்று நின்றால் கூடவே எந்த ஒன்பது நிற்கும் என்பது அந்தக் கோட்டில் தெரியும்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் மெஷினால் பதில் சொல்ல முடியாது. தனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கட்டத்தை மனுசர்தான் நிரப்ப வேண்டும். முத்துவின் பெயர் இருப்பது அந்தக் கட்டத்தில். மெஷின் கோளாறானால் அந்தப் பெயருக்குத்தான் தகவல் போகும். அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள். பதினாலு ஊர்ப் பட்டியல் என் கையில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றிருந்தது கோவில்பட்டி ஒன்றுதான்.

இப்போது அதற்கும் ஒரு கேடு வந்திருக்கிறது. ஜனவரி கடைசி வாரத்திலிருந்து உங்கள் ஊரில் ஒரு மெஷின்கூட ப்ரோகிராமுக்குத் தட்டுப்படவில்லை. தட்டினால் பதில் இல்லை. தொடர்ந்து முப்பது நாள் பதில் இல்லையென்றால் இந்த மெஷின் இல்லை என்று அதுவே எழுதிவிடும். கண்ணபிரான் சாரைக் கேட்டால், "எல்லாம் ஜம்முனு ஓடுதும்மா" என்கிறார். நான் கெடுவைத் தள்ளித் தள்ளி மார்ச் 31 வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிறேன். பெயரைப் பற்றி அதற்குள் யோசிப்போம்.

பிரேமா


கோவில்பட்டி
25.2.2025

பிரேமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். நாலாவது தடவைதான் எனக்கு ஒன்று உறைத்தது. உங்கள் ப்ரோகிராம் எத்தனை மணிக்கு வருகிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், அஞ்சரை மணிக்கு ஆபீஸ் விட்டதும் அந்த ரூமில் கரண்ட் மெயினை இறக்கிவிட்டுத்தான் நான் பூட்டுகிறேன். பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிடுவேன். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருசம் வேலை பார்த்தவள். தீக்குச்சி மருந்து இருக்கிற இடத்தில் கடைசியாக வெளியேறுகிற ஆள் மெயினை இறக்காமல் கதவைச் சாத்தமாட்டார். மற்ற ஊரில் பொழுது சாய்ந்தால் விளக்குப் போடுவார்கள். எங்களுக்கு முதலில் மெயினை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. கம்ப்யூட்டர் ரூமில் மருந்து ஏது என்று நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போய்விடுகிறது.

கண்ணபிரான் சாரிடம் கேட்டேன். எல்லா யூனிட் மெஷினும் சென்னைக்குப் பேசுகிற வழி அந்த ரூமில் இருக்கிற ஒரு பெட்டி வழியாகத்தானாம். அதை நான் தினமும் அஞ்சரைக்கு அடைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள். அஞ்சரைக்கு விடுகிற ஆபீஸ். எனக்குச் சந்தேகம்.

"ஏட்டி, அவ்வளவு நேரம் அங்கன யாருக்காவ நிக்க?"

"வாரவிய வந்து பாத்துட்டுப் போவட்டும்மா. அப்புறந்தான மெயினை எறக்க முடியும்."

"வாரது யாருட்டி? பேரு இல்லையா?"

"பேரெல்லாம் கெடையாது. சென்னையில இருந்து வாராவ. அறுபது கதவைத் தட்டி, சொகமா இருக்கியளான்னு கேப்பாவ. போயிருவாவ."

என்னைக் கேலி செய்கிறாள் என்று மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவள் சொன்னது அத்தனையும் நிசம் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. அந்த மூன்று நாளை யாரிடம் போய்க் கேட்பேன்?

ஒயர் வழியாகப் போய் நீ யார் என்று கேட்கிற வேலை பெரிய வேலைதான். என் மகள் அதற்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். நேரத்தைச் சொல்லுங்கள். நானும் இருக்கிறேன்.

பெருமாயி


சென்னை
5.3.2025

அம்மா,

ஆறேகால் மணி. ஆறே முக்காலுக்கு மேல் நீங்கள் மெயினை இறக்கலாம். நான் போனில் சொன்ன நேரத்தைக் கண்ணபிரான் சார் உங்களிடம் சொல்லித் திங்கட்கிழமையிலிருந்து நீங்கள் காத்திருக்கிறீர்களாம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, திங்கட்கிழமை ஆறு இருபதுக்கு என் திரையில் கோவில்பட்டி முழுவதும் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறியது. நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். இங்கே பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆறு வாரமாகக் கோளாறு எங்கே என்று தேடினார்கள். நீங்கள் நாலு தடவை கடிதத்தை வாசித்துக் கண்டுபிடித்தீர்கள்.

அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு வந்துவிட்டது. வராத மூன்றில் இரண்டு பழையதாகிக் கழித்துப்போட்டவை. மூன்றாவதுதான் புரியவில்லை. புதூர் யூனிட், ஏழாம் நம்பர். இது ப்ரோகிராம் எழுதியது இல்லை. முத்து கையால் எழுதியது. பெயர் 'புதூர் கிட்டங்கி டப்பா'. சரக்கு வைக்கிற குடோனில் ஏதோ ஒரு டப்பா. அவ்வளவுதான். மற்ற மெஷினுக்கெல்லாம் அதிலிருந்து இதற்கு, இதிலிருந்து அதற்கு என்று கோடு ஓடும். இதற்கு ஒரு கோடுகூட இல்லை. ப்ரோகிராம் ஒருநாள்கூட இதைப் பார்த்ததில்லை. கீழே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாள்:

"இதை நீ பார்க்கமாட்டாய். நான் பார்த்துக்கொள்கிறேன்."

யாருக்கு எழுதினாள் என்று தெரியவில்லை. எனக்கா, ப்ரோகிராமுக்கா? ப்ரோகிராமும் பார்க்காமல், பொறுப்புக்கு ஆளும் இல்லாமல் இருக்கிற எதுவும் பட்டியலில் தங்காது. புதூரில் கேட்டேன், அப்படி ஒரு மெஷின் இல்லவே இல்லை என்கிறார்கள். அவளுடைய நோட்டு எதிலாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

பிரேமா


கோவில்பட்டி
14.3.2025

பிரேமா,

நோட்டில் இல்லை. அதனால் நேற்று லீவு சொல்லிவிட்டு விளாத்திகுளம் வழி பஸ்ஸில் நேரே புதூருக்கே போய்விட்டேன்.

எங்கள் அப்பா வீடு ஆட்டுக் கிடை போடுகிற வீடு. ஆட்டை அடைக்கும்போது எங்கள் ஆட்கள் எண்ணிக்கையை நம்பமாட்டார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் அடுத்த கிடை ஆடு ஒன்று உள்ளே நிற்கும், நம்முடையது வெளியே நிற்கும். குட்டிகளை அவிழ்த்துவிட்டுப் பார்ப்பார்கள். எந்தக் குட்டி மடி கிடைக்காமல் கத்துகிறதோ அதன் தாய் வரவில்லை என்று அர்த்தம். நீ எழுதிய கோடும் அந்தத் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் இருக்கிறது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். கோடே இல்லாத ஒன்றை என் மகள் சும்மா எழுதியிருக்கமாட்டாள்.

புதூர் யூனிட் வாட்ச்மேன் சிவனாண்டி அண்ணாச்சியை எனக்கு முன்னாலேயே தெரியும். ஆபீசில் இருக்கிறவர்கள் மெஷின் என்றால் டி.வி. மாதிரி இருக்கும் என்று நினைத்து இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் டப்பா என்று கேட்டேன்.

"டப்பாவா? கிட்டங்கிச் செவுத்துல இருக்கே. பாப்பா வந்து மாட்டிட்டுப் போச்சு. உள்ள சூடு ஏறுனா செவப்பு வெளக்கு எரியும். எரிஞ்ச அஞ்சாவது நிமிசம் பாப்பா எனக்குப் போன் போட்டு, 'மாமா, மேல் சன்னலைத் தெறங்க, காத்தாடி ஓடுதான்னு பாருங்க'ன்னு சொல்லும்."

"இப்ப எரியுதா?"

"எரியுதே. எட்டு நாளா மத்தியானமானா எரியுது."

"நீங்க என்ன செஞ்சிய?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போன் வரும்னு இருந்தேன் தாயி. பாப்பா எறந்தது தெரியும். துட்டி கேக்க வந்தேன்லா. ஆனா அந்த எடத்துல வேற யாராச்சும் இருந்து போன் பண்ணுவாவன்னு நெனச்சிட்டேன். ஆளில்லாம இருக்கும்னு நெனைக்கலையே."

நான் அவரைத் திட்டவில்லை. இருவருமாக ஓடினோம். கிட்டங்கிக்குள் மருந்து டிரம் பதினெட்டு இருந்தது. மேலே காற்றை வெளியே இழுக்கிற காத்தாடி நின்றுபோயிருந்தது. மாசி வெயில் உனக்குத் தெரியும், நீ மணியாச்சியில் பிறந்த பிள்ளை என்று அவள் சொல்லியிருக்கிறாள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. சன்னலைத் திறந்து, மேனேஜருக்குச் சொல்லி, சாயங்காலத்துக்குள் டிரம்மை எல்லாம் வெளியே கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து ஷெட்டில் நாற்பது பெண்கள் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "பெருமாயிக்கா, என்ன இம்புட்டுத் தூரம்? வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று சிரித்தாள்.

அந்த டப்பாவில் ஒரு சிம் கார்டு இருக்கிறது. ஆபீஸ் ஒயரில் சேராதது. அதனால்தான் உன் ப்ரோகிராமுக்குத் தெரியவில்லை. சூடு ஏறினால் அது நேரே ஒரு போனுக்குத் தகவல் அனுப்பும். எந்தப் போன் என்று உனக்கே தெரியும். அது என் பீரோவில், அவளுடைய சேலைக்கு நடுவில், அணைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுத் திறந்தேன். அவள் பூட்டுப் போடமாட்டாள், அம்மா எடுத்துப் பேசணும்லா என்பாள். டப்பாவிலிருந்து நாளுக்கு ஒன்றாக எட்டு மெசேஜ் வந்து விழுந்தது. கூடவே உன்னிடமிருந்தும் ஒன்று. போன மாதம் பதினைந்தாம் தேதி. நான் வாசித்துவிட்டேன், கோபப்படாதே. 'முத்து, அம்மா லெட்டர் போட்டிருக்காங்க. நீ சொன்ன மாதிரியேதான் இருக்காங்க. என்ன பதில் எழுதுறதுன்னு நீயே சொல்லேன்.'

நீ பதினாறாம் நாளுக்கு ஏன் வரவில்லை என்று இனிமேல் நான் கேட்கமாட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அவள் பெயரை எடுத்துவிடு. அறுபத்தோரு இடத்திலும் எடுத்துவிடு. அந்தப் பெயருக்கு என்ன நட்டம் என்று அன்றைக்குக் கேட்டேன், நேற்று கிட்டங்கி வாசலில் பதிலைப் பார்த்துவிட்டேன். அவள் பெயரை நம்பி ஒருவர் எட்டு நாள் சும்மா இருந்திருக்கிறார். அவள் இருந்தால் இதைப் பொறுக்கவே மாட்டாள். டப்பாவுக்கு சிவனாண்டி அண்ணாச்சி பெயரைப் போடு. வாட்ச்மேன் பெயரையெல்லாம் போடக் கூடாது என்று சட்டம் இருந்தாலும் போடு. மற்றதற்கு, புதிதாக வந்திருக்கிற சுந்தரபாண்டியன் தம்பி பெயரைப் போடு. போனைக் கீழே வைக்காத பையன்.

இதை நானேதான் எழுதுகிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை.

பெருமாயி


சென்னை
27.3.2025

அம்மா,

எடுத்துவிட்டேன்.

ஒரே அமுக்கில் அறுபத்தொன்றையும் மாற்றிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் எழுதியதை வாசித்து, பிறகு மாற்றினேன். இரண்டு நாள் ஆயிற்று. பக்கத்து சீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். எவ்வளவு எழுதியிருக்கிறாள் அம்மா! 'இந்த பிரிண்டர் மழைக்காலத்தில் காகிதத்தை விழுங்கும்.' 'இதன் ஒயரை எலி கடிக்கும், மாதம் ஒருதரம் பார்.' எந்த ப்ரோகிராம் ஆயிரம் தடவை தட்டினாலும் இது கிடைக்காது. இந்தக் குறிப்புகள் எதையும் நான் தொடவில்லை. பதினாலு ஊருக்கும் இப்படி ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

டப்பாவுக்கு சிவனாண்டி மாமா பெயரும் நம்பரும் ஏறிவிட்டது. டப்பாவின் தகவல் மாமாவின் போனுக்கே போகிற மாதிரி சுந்தரபாண்டியன் சிம்மிலும் மாற்றிவிட்டார். சோதனைக்காக ஒரு தகவல் அனுப்பினோம். மாமா உடனே எனக்கே திருப்பிக் கூப்பிட்டு, "சன்னலைத் தெறந்துட்டேன் தாயி, காத்தாடி ஓடுது. வேற என்ன செய்யணும்?" என்றார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் எதை மாற்றினாலும் பழையது அழிவதில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் அதன் கதை இருக்கும். முதலில் எழுதியது யார், எந்த நாள், எந்த நேரம், பிறகு மாற்றியது யார் என்று. அந்த இடத்தில் யாரும் கை வைக்க முடியாது, நான் நினைத்தாலும் முடியாது. டப்பாவைத் திறந்து பார்த்தேன். 'முதல் பதிவு: முத்துசெல்வி. 3.8.2023, மாலை 6.52.' எல்லோரையும் பார்க்க வந்தவர் போன பிறகு, அவர் கண்ணில் படாத ஒன்றை உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கமாட்டேன் என்றாலும் சொல்கிறேன். வந்து பார்த்தால் அவள் இல்லை என்றாகிவிடும் என்று பயந்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. ப்ரோகிராமுக்குத் தட்டுப்படாத மெஷின் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை யாராவது நேரில் பார்த்துத் தேதி போட வேண்டும் என்று புதிதாக விதி வந்திருக்கிறது. கோவில்பட்டி பகுதிக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரைப் போடட்டுமா?

பிரேமா


கோவில்பட்டி
9.4.2025

பிரேமா தாயிக்கு,

போட்டுக்கொள். புதூருக்கு மாதம் ஒருநாள் போகிறேன் என்று கண்ணபிரான் சாரிடம் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்து, டப்பா இருக்கிறது, காத்தாடி ஓடுகிறது, அண்ணாச்சி முழித்திருக்கிறார் என்று எழுதி அனுப்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. எனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே என் பெயரை எடுத்துவிட வேண்டும். பாவம், அவள் அம்மா என்று தயங்கிக்கொண்டு இருக்கக் கூடாது.

அடியில் இருக்கிற கதையைப் பற்றி நீ எழுதியதைத் தினமும் ஒருதரம் எடுத்து வாசிக்கிறேன். கல்லில் பெயர் வெட்டிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன், வெயிலிலும் மழையிலும் அது தேய்ந்துபோகும். இதில் கை வைக்கவே முடியாது என்கிறாய். எட்டாம் மாசம் மூன்றாம் தேதி ஆறு அம்பத்திரண்டுக்கு நான் வீட்டு வாசலில் நின்று, இன்னும் வரவில்லையே என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். அவள் அந்த நேரத்தில் நாற்பது பெண்களுக்கு வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். பெரிய படிப்புப் படித்த உன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அஞ்சாம் வகுப்புப் படித்தவள் வயிற்றில் பிறந்தவள் அவள், அதில் ப்ரோகிராமுக்கும் தெரியாததை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு அழுகையும் வருகிறது, நெஞ்சு நிமிரவும் செய்கிறது. ரெண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

சித்திரையில் மணியாச்சிக்கு வந்தால் வீட்டுக்கு வா. அவள் நாற்காலியில் இப்போது சுந்தரபாண்டியன் தம்பி உட்கார்கிறான். நான்தான் உட்காரச் சொன்னேன். அதுவரைக்கும் நின்றுகொண்டே வேலை பார்த்தான்.

தினமும் சாயங்காலம் யூனிட்டுக்குப் போய்விடுகிறவன் நேற்றுதான் அஞ்சரைக்கு ரூமிலிருந்து கிளம்பினான்; நான் வழக்கம்போல அங்கேயே நின்றேன்.

"அக்கா, கூட்டிப் பெருக்கி முடிச்சிட்டியள்லா? இன்னும் என்ன இங்கன நிக்கிய? நான் மெயினை எறக்கிட்டுப் பூட்டட்டுமா?"

ஊர்ப் பிள்ளைதான், அவன் கையும் தானாக அங்கே போகிறது. வேண்டாம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று வாங்கிக்கொண்டேன். ஆறேகாலுக்கு அந்தப் பெட்டியில் சின்ன விளக்கெல்லாம் படபடவென்று துடித்தது. ஒவ்வொன்றாகக் கேட்கிறது, ஒவ்வொன்றாகப் பதில் போகிறது என்று எனக்கு இப்போது தெரியும். துடிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றேன். பிறகு மெயினை இறக்கினேன்.

தம்பி வாசலிலேயே நின்றிருக்கிறான். "யாரு வாராவன்னு இம்புட்டு நேரம் நிக்கிய?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாரவிய வந்து பாத்துட்டுப் போவட்டும்லே" என்றேன்.

பெருமாயி